கீச்சிட்ட பிரேக்கும் பாய் பட்டறையும்

நான் வீட்டுக்கு வருவதைத் தெருவுக்குச் சொல்வது புல்லட்டின் 'டப் டப்' அல்ல. முன் பிரேக்கின் 'கீ...ச்'. பிள்ளையார் கோவில் திருப்பத்தில் பிரேக்கைத் தொட்டால் போதும், படுத்திருக்கும் நாய்கள் எழுந்து உட்காரும். என் மனைவி காபிக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். மூன்று வருடமாக இதே கதைதான். யாராவது கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்து மழுப்பிவிடுவேன். எனக்கு முழங்கால் சொடக்குப் போடுகிறது, அதற்குப் பிரேக் கத்துகிறது, சரிக்குச் சரி என்று ஒரு நினைப்பு.

வண்டி 1972 மாடல். திருவொற்றியூரில் செய்தது. 1979ல் இரண்டாம் கையாக வாங்கினேன். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் மகன் ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான். அதனால் இந்த வண்டியை இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. அது ஒரு சௌகரியம்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய்விட்டுக் காவிரிப் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். நல்ல தூறல். முன்னால் போன ஷேர் ஆட்டோ கையும் காட்டாமல், விளக்கும் போடாமல் நின்றது. பிரேக்கைப் பிடித்தேன். அன்றைக்குப் பார்த்துச் சத்தமே வரவில்லை. வண்டியும் நிற்கவில்லை. டிரம்முக்குள் தண்ணீர் போனால் சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றின பிறகுதான் பிடிக்கும், அது தெரிந்த விஷயம். ஆனால் அன்று அதற்கு மேலும் வழுக்கிக்கொண்டே போனது. ஆட்டோவின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பெண் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்றபோது அவள் காலுக்கும் என் முன் சக்கரத்துக்கும் ஒரு ஜாண்தான் இருந்தது. அவள் பயப்படவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோ போய்விட்டது. நான் ஓரமாக நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை ஒரு டீக்கடை வாசலில் நின்றேன்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ராத்திரி மகன் பெங்களூரிலிருந்து பேசியபோது வாய் தவறி வந்துவிட்டது. "அப்பா, பிரேக் கத்தும்போதே கொடுக்கச் சொன்னேன். எழுபத்தோரு வயசுல எதுக்குப்பா இது?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு மெக்கானிக் தம்பியிடம் போனேன். கெட்டிக்காரப் பையன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், டிரம்மை விடுங்க, டிஸ்க் மாத்திடலாம்" என்றான். ஐம்பது வருடத்து ஃபோர்க்கில் டிஸ்க்கா? வேட்டிக்கு பெல்ட் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று திரும்பி வந்தேன்.

அப்போதுதான் பாயின் நினைப்பு வந்தது. பாலக்கரையில் பாய் பட்டறை என்றால் அந்தக் காலத்து புல்லட்காரர்களுக்குத் தெரியும். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் பழைய டயர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பேன். பாய் வேலை செய்துகொண்டே பாடம் நடத்துவார். "சார், டிரம் பிரேக்குன்னா என்ன? ரெண்டு கை ஒரு குடத்தை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கிற மாதிரி. உள்ளங்கை முழுசா பட்டா குடம் நிக்கும். விரல் நுனி மட்டும் பட்டா கீச்சுன்னு கத்தும்." இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த முறை ஒழுங்காகச் செய்வது என்று ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தேன். முன் சக்கரத்தைக் கழற்ற இஸ்திரிக்காரர் கை கொடுத்தார். சக்கரத்தைத் தனியாகத் தூக்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை. பிரேக் பிளேட்டை வெளியே எடுத்ததும் கறுப்புத் தூள் கொட்டியது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எது பழசு எது புதுசு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டேன். அந்த மாஸ்க் பெரிய காவல் இல்லை. ஈரத் துணிதான் முக்கியம். பாய் என்ன செய்வார் தெரியுமா? வாயால் 'ஃபூ' என்று ஊதுவார். நான் எதிரே உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்திருப்பேன். கடைசி வருடங்களில் பாய்க்கு ஓயாத இருமல். பீடியாலா, இந்தத் தூளாலா, யார் கண்டது? துடைத்துக்கொண்டிருந்தபோது கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

ஷூவைத் திருப்பிப் பார்த்தபோதுதான் என் லட்சணம் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் லைனிங் மாற்றி நானேதான் பூட்டினேன். லைனிங்கின் மேல் வெள்ளையாக ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். ஒரு ஷூவில் அந்த எண் பாதி அப்படியே இருந்தது. மூன்று வருடம் ஓடியும் அழியவில்லை! என்றால், அந்தப் பக்கம் டிரம்மில் பட்டதே இல்லை. கேம் இருக்கும் முனையில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்து, கண்ணாடி போலப் பளபளத்தது. சக்கரம் சுற்றும் திசையிலேயே போய் ஒட்டும் ஷூ அது. அதன் முனை மட்டும் பட்டால் கடிக்கும், அதிரும், கத்தும். மீதி லைனிங் சும்மா கூட வரும். சத்தம் வந்தபோதெல்லாம் சக்கரத்தைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிவிடுவேன். பத்து நாள் அமைதி, பிறகு மறுபடி கீச். மூன்று வருடம் பாதிப் பிரேக்கில் ஓட்டியிருக்கிறேன். அதுவும் பின் சீட்டில் மனைவியை வைத்துக்கொண்டு வயலூர்வரை.

மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் தளரவில்லை, டிரம்மும் வட்டம் கெடவில்லை, பேரிங் கிரீஸும் உள்ளே கசியவில்லை. கேமிலும் பிவட்டிலும் சூடு தாங்கும் கிரீஸ் துளியூண்டு தடவினேன். பாய் அதைத் தீக்குச்சி முனையில் எடுப்பார். கூடினால் லைனிங்கில் வழிந்து வேறு வினை.

பிறகு சாக்பீஸ். டிரம்மின் உள்வட்டம் முழுக்கப் பூசி, எல்லாம் மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால், லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அதுதான் மேடு. அந்த மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், அதுவும் தண்ணீர் தொட்டுத்தான். காயவிட்டு மறுபடி பூசு, மறுபடி மாட்டு. முதல் ஞாயிறு ஆறு தடவை, அடுத்த ஞாயிறு ஐந்து தடவை. இஸ்திரிக்காரர் பொறுமை இழந்து, "ஐயா, கடையில கொடுத்தா அரை மணி நேரம்" என்றார். பதினோராவது தடவை வெள்ளை கிட்டத்தட்ட லைனிங் முழுக்கப் பரவியிருந்தது. முன் விளிம்பைக் கொஞ்சம் சாய்வாக ராவிவிட்டேன், கூர் முனை கடிக்கக் கூடாதென்று.

கடைசியாக, நான் மறந்தே போயிருந்த சங்கதி. சக்கரத்தை மாட்டியதும் ஆக்ஸில் நட்டை இறுக்கிவிடக் கூடாது. விரலால் திருகித் தளர்வாக விட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பலமாகப் பிடித்து, பிடித்த பிடியிலேயே நட்டை முடுக்க வேண்டும். அப்போதுதான் பிளேட் டிரம்முக்கு நடுவில் போய் உட்காரும். "பிடிச்சிட்டு முடுக்கு, முடுக்கிட்டுப் பிடிக்காதே" என்று பாய் ஒவ்வொரு தடவையும் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன் நான் அவசரத்தில் முடுக்கிவிட்டுத்தான் பிடித்திருக்கிறேன். இந்தத் தடவை லீவரை இஸ்திரிக்காரர் பிடித்துக்கொண்டார், நான் முடுக்கினேன்.

ஓட்டிப் பார்க்க, காலை ஐந்தரைக்கே ஆளில்லாத வயலூர் ரோட்டுக்குப் போனேன். முதலில் மெதுவாக, பிறகு நாற்பதில் வைத்துப் பிடித்தேன். முன்பக்கம் அமுங்கி, முனகாமல் நின்றது. நம்பிக்கை வராமல் இன்னும் ஏழெட்டுத் தடவை பிடித்துப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் மனைவி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே" என்றாள். காபி வர அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதம்.

பொங்கலுக்கு வந்த மகனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். எண் அழியாமல் இருந்த கதையையும் சேர்த்துத்தான். கேட்டுக்கொண்டான். வண்டியை விற்கச் சொல்வதை நிறுத்தவில்லை. நான் விற்கவும் இல்லை. ஆனால் மழை நாளில் இப்போது வண்டியை எடுப்பதில்லை. ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்தான்.