பஞ்சாரத்துக்குள் சுக்கு

எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பூனைகள். தாய் கருப்பாயி, அதன் பெரிய மகன் துரை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட நொண்டி, கடைசியாகப் பிறந்த சுக்கு. சுக்கு பெண்குட்டி, ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த கதையை எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

கருப்பாயி ஒரே வருடத்தில் இரண்டு ஈத்து போட்டது. மொத்தம் ஏழு குட்டி. பிழைத்தது சுக்கு ஒன்றுதான். இரண்டை நாய் கடித்தது, ஒன்று கிணற்றில் விழுந்தது, மற்றவை கண் திறக்கும் முன்பே போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் கொல்லையில் குழி தோண்டியது நான். பூனைக்கு ஒன்பது வாரம்தான் சினை, ஆறு மாதக் குட்டியே சினையாகிவிடும் என்று ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரம்மா சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்தேன்.

அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "வாயில்லா ஜீவன் வயித்துல கத்தி வைக்கிறது பாவம்த்தா" என்றது. "காளைக்குக் காயடிக்கையில இந்தப் பாவம் எங்க போச்சு ஆத்தா?" என்றார் அப்பா. "அது வேற" என்று சொல்லிவிட்டு அப்பத்தா வெற்றிலையை மடித்தது.

வயர்கூடையில் துண்டு விரித்து, சுக்குவை பஸ்ஸில் கொண்டுபோனோம். மத்தியானம் திரும்பக் கொடுத்தபோது எனக்கு ஈரக்குலை நடுங்கியது. கண் திறந்தே இருக்கிறது, ஆனால் அசையவில்லை! மயக்க மருந்தில் பூனைக்கு இமை மூடாதாம். உடம்பு சில்லென்று ஆகிவிடக் கூடாது என்றார்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, பக்கத்தில் வைத்தேன். ராத்திரி கொஞ்சமாகத் தின்றது.

வயிற்றில் சின்னதாக ஒரு தையல். அதை நக்காமல் இருக்க கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்ட வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிக்கொள்ளலாம் என்றார் கம்பவுண்டர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே எக்ஸ்ரே அப்பத்தாவின் முழங்கால். பத்து நாள் அந்த முழங்கால் சுக்குவின் கழுத்தில் இருந்தது.

புண்ணைவிடப் பெரிய கஷ்டம் மற்ற பூனைகள்தான். சுக்குவைக் கீழே விட்டதும் கருப்பாயி ஓடி வந்து மோந்து பார்த்தது. உடனே முதுகு மயிர் சிலிர்த்து, சீறி, அறைய வந்துவிட்டது. பெற்ற தாய்! துரையும் உறுமியது. நொண்டி மட்டும் அடுப்படியை விட்டு நகரவில்லை. சுக்கு நடுங்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. "பாத்தியா, தாய்க்கே ஆகலை" என்றது அப்பத்தா. எனக்கு அழுகையாக வந்தது.

அப்பா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். பூனை ஆளைக் கண்ணால் அடையாளம் பார்ப்பதைவிட மூக்கால்தான் பார்க்கும், மருந்து வாசம் போகிறவரை அது அவர்களுக்கு வேற்றுப்பூனை, தனியாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள் என்றார்களாம்.

எங்கள் வீட்டில் தனி ரூம் ஏது? கோழி கவிழ்க்கும் பஞ்சாரம்தான் இருந்தது. அதற்குள் சுக்குவை வைத்து மேலே குழவிக்கல்லைத் தூக்கி வைத்தேன். மற்ற பூனைகள் பார்க்கலாம், மோக்கலாம், அறைய முடியாது. சுக்குவும் எகிறிக் குதித்துத் தையலைப் பிய்க்க முடியாது. எல்லாப் பூனையும் படுக்கும் அப்பத்தாவின் பழைய சேலையை உள்ளே விரித்துவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி சுக்கு முனகிக்கொண்டே இருந்தது. காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அத்தை. நான் விடவில்லை. பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். டாக்டரம்மா கொடுத்த மருந்தோடு சரி. நடுச்சாமத்தில் முழித்துப் பார்த்தால் அப்பத்தா பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருந்தது. நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

இரண்டாம் நாளும் சீறல்தான். மூன்றாம் நாள் கருப்பாயி சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் ஸ்கூல் விட்டு வந்து பார்க்கிறேன், பஞ்சாரத்து ஓட்டைக்குள் நாக்கை விட்டு, எக்ஸ்ரேயையும் சேர்த்து நக்கிக்கொண்டிருந்தது!

பத்தாம் நாள் தையல் பிரித்தாயிற்று. வயிற்றில் சிரைத்த இடத்தில் முயல்குட்டி மாதிரி மயிர் முளைக்கிறது. அடுத்தது கருப்பாயி. அதைப் பிடித்து வயர்கூடையில் அடைக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. யார் வீட்டிலாவது மூடி போட்ட பெரிய கூடை இருந்தால் 9-ஆம் வகுப்பில் வந்து சொல்லுங்கள். இந்தத் தடவை அப்பத்தாவும் கூட வருகிறதாம்.