மாமியின் சம்பலும் இரண்டு வெள்ளைக்காரிகளும்

அன்புத் தோழி,

இதை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. உடவத்தகெலே காட்டுப் பக்கமாக இருக்கும் எங்கள் மேல்மாடி அறைகளில் போன கிழமை ஒரு ஜெர்மன் சோடி, ஒரு அமெரிக்கச் சோடி.

முதல் இரவு இடியப்பமும் மாமி இடித்த சம்பலும். அமெரிக்கக்காரி வாயில் வைத்ததுமே "அற்புதம், இப்படிச் சாப்பிட்டதே இல்லை" என்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெர்மன்காரியோ நிதானமாக மென்றுவிட்டு, "உறைப்புக் கூட, நாளைக்குக் குறையுங்கள்" என்றாள். மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பீங்கானை எடுக்கப் போனால் அமெரிக்கக்காரியின் சம்பல் ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. மற்றவளுடையது வழித்துத் துடைத்தமாதிரி. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போனது.

மாமியின் விசாரணை தெரியும்தானே? அமெரிக்கக்காரி தேத்தண்ணி ஆறுமுன்னே முதல் கலியாணம் முறிந்தது, வீட்டுக்கடன் எல்லாம் கொட்டிவிட்டாள். ஜெர்மன்காரியிடம் சம்பளம் கேட்டதற்கு ஒரு சிரிப்பு மட்டும். ஆனால் வெறும் போத்தல்களைச் சேர்த்து வைத்து, எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டாள். அவர்கள் ஊரில் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கு 25 யூரோ சதம் திரும்பக் கிடைக்குமாம்.

அமெரிக்கர் கண்ட இடமெல்லாம் டிப்ஸ் கொடுத்தார். வீண் பெருமை என்று நினைக்காதே. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படி குறைந்த கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டொலர்தான். மிச்சத்தைப் பெரும்பாலும் நிரப்புவது சாப்பிட வந்தவர்தான்.

இவர்களுக்கு முன்பே, உடவத்தகெலே காட்டுக்குள்ளேயே ஒரு ஜெர்மன்காரரும் ஒரு அமெரிக்கரும் ஒரே ஆசிரமத்தில் இருந்திருக்கிறார்கள். 1958ல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஞானபோனிக தேரர் ஜெர்மனியில் பிறந்தவர். 1994ல் அவர் காலமாகும்வரை கூடவிருந்து பார்த்துக்கொண்டவர் நியூயோர்க்கில் பிறந்த போதி பிக்கு. துறவிகள், சம்பலுக்கு முகம் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

எல்லவுக்குக் கோச்சி ஏறும் நாள். அமெரிக்கக்காரி மாமியைக் கட்டிப்பிடித்து, "கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்றாள், விலாசம் தரவில்லை. ஜெர்மன்காரி சம்பல் செய்முறையை எழுதிக்கொண்டாள். செத்தல் மிளகாய் எத்தனை கிராம் என்றாள். அமெரிக்கக்காரி எட்டிப் பார்த்து, "எத்தனை கப்?" என்றாள். மாமிக்கு இரண்டும் தெரியாது. ஒரு கை அள்ளிக் காட்டினா. ஜெர்மன்காரி அந்தப் பிடியை அப்படியே வாங்கி, குசினித் தராசில் போட்டு நிறுத்தாளடி!

உன்
கண்டிக்காரி