கண்டி வீதியின் மறுமுனை

விடுமுறைக்கு எங்கே செல்வது என்ற பேச்சு எழுந்ததுமே, எம் இளைய மகன், "எரிமலை இருக்கிற தீவுக்குப் போவோம், அப்பா!" என்று பிடிவாதம் பிடித்தான். ஹவாய்த் தீவின் நெருப்புக் குழம்பைப் படங்களிற் கண்டு மயங்கிய பிள்ளை. கல்லூரி ஆசிரியரின் சம்பளத்துக்கு ஹவாய் எட்டுமா? கண்டிக்குப் போகலாம், அங்கும் மலை உண்டென்றோம். "அந்த மலை நெருப்புக் கக்குமோ?" என்றான்.

கக்காது. இலங்கைத் தீவில் எரிமலையே கிடையாது. கண்டியைச் சூழ்ந்து நிற்பவை, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள். 2020 ஆகஸ்டு 29ஆம் நாள் இரவு திகனைப் பக்கத்தில் நிலம் சற்றே அதிர்ந்து மக்கள் கலங்கினர். அதுவும் எரிமலையின் வேலையன்று. பையனின் முகம் வாடிவிட்டது.

ஆயினும் அம்மலைகளைச் சாதுவென்று எண்ணிவிடலாகாது. அங்கே அஞ்சவேண்டியது நீருக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்தன. கண்டி மாவட்டம் பல உயிர்களைப் பறிகொடுத்தது. மலையகப் புகையிரதப் பாதையும் சிதைந்தது. ஆதலால் மார்கழி விடுமுறையை முதலிலேயே தள்ளிவிட்டோம். ஆகஸ்டு மாதமே நன்றெனத் தோன்றியது. அப்போதும் மழை பெய்யக்கூடும்; புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கையை விசாரித்துக்கொள்வது அவசியம்.

ஆகஸ்டு என்றதும் எம் அன்னையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எசல பெரகராவை ஒருமுறையேனும் காணவேண்டுமென்பது அவரது நெடுநாள் ஆசை. தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் வரும். அந்தப் பத்தினி வேறு யாருமல்லள்; நம் கண்ணகியே. வற்றாப்பளைப் பொங்கலைத் தவறவிடாத அன்னையார்க்கு இஃதொன்றே போதுமாயிருந்தது. பெரகராக் காலத்தில் விடுதி வாடகை வானளாவ உயர்ந்துவிடும் என்று எம் இல்லத்தரசி நினைவூட்டினார். நடைபாதையில் மாலையிலேயே பாய் விரித்து இடம்பிடிப்பது ஒன்றே நமக்கு வழி.

எவ்வழியாகச் செல்வது? புகையிரதமெனின் பொல்காவலையில் இறங்கி வண்டி மாறவேண்டும். ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை மலையேறும் காட்சி கண்கொள்ளாதது. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை அது. ஆனால் அன்னையாரின் முழங்கால் வலிக்கு மாறுவண்டி ஒத்துவராது. எனவே பேருந்தே என்று முடிவாயிற்று.

இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓடும் ஏ-9 பாதையை நாம் 'கண்டி வீதி' என்றே அழைக்கிறோம். அந்த வீதியாற்றான் பள்ளிக்கு நடந்தோம். ஆனால் 1990இல் அது துண்டிக்கப்பட்டபின், அதன் மறுமுனையில் மெய்யாகவே கண்டி இருப்பதாக எமக்குத் தோன்றியதில்லை. 2002இல் திறந்தார்கள், 2006இல் மூடினார்கள். போர் முடிந்த பின்னரே அது நிலையாகத் திறந்தது. எம் பிள்ளைகளுக்கோ அது வெறும் பேருந்துப் பாதை!

தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை நெருங்கும்போது பிள்ளைகளை உறங்கவிடப் போவதில்லை. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், அன்று காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை தழைத்தது. உழைத்த கைகள் மாறவில்லை. மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசித்தபின், கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாயிருப்பதையும் காண்போம். இயந்திரங்களைப் பார்த்துவிட்டுச் சரிவுகளையும் பார்க்கவேண்டும். இன்றும் பெருமழையில் உறக்கமின்றி விழித்திருப்போர் அங்குள்ள லயன் அறைகளில் வாழும் மக்களன்றோ?

நகரில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த ஏரியைச் சுற்றி நடப்போம். 1815இல் அரசிழந்து வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்த அந்நாயக்க மன்னனின் கதையை அங்கே சொல்லலாம். பேராதனைப் பூங்காவுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது. எஞ்சிய இடங்களை அடுத்த முறைக்கு விட்டுவிட்டோம்; ஒரே நாளில் ஒன்பது இடம் ஓடிப் பார்ப்பதில் எமக்கு நம்பிக்கையில்லை.

இவ்வளவும் கேட்டிருந்த இளையவன், "கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்கிறார்களே, அது எங்கிருந்து எண்ணியது?" என்றான்.

கண்டியிலிருந்து எண்ணிய மைல் என்றோம். எரிமலையை அவன் மறந்துவிட்டான். கட்டைகள் குறைந்து குறைந்து சுழியமாவதைத் தானே எண்ணவேண்டுமாம். யன்னலோர இருக்கை தனக்கே வேண்டுமென்று அக்காளோடு இப்போதே சண்டை தொடங்கியிருக்கிறது.