பாட்டின் வாசலும் பாட்டின் முடிவும்

வாசிக்க: சங்கீதம் 22, சங்கீதம் 88



கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு ஆயத்தமாகும் காலம் இது. கரியாலூரைச் சுற்றிய மலைக்கிராமங்களுக்குப் பவனி செல்லும்போது, இணையத்தை நம்பிப் பாடல்களை ஒலிக்கச் செய்ய இயலாது. ஆகவே நம் வாலிபர்கள் பாடல்களை முன்னரே பதிவிறக்கி, மடிக்கணினியின் டிஜே மென்பொருளில் வரிசையாக அடுக்கிக்கொள்கிறார்கள். அடுக்குமுன் ஒவ்வொரு பாடலின் தொடக்கத்தையும் முடிவையும் கத்தரிக்கிறார்கள். இந்த வாரம் அந்தக் கத்தரிப்பைக் குறித்தே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அந்த வேலை அவசியமானதுதான். பல பதிவுகளின் முனையில் சில விநாடிகள் வெறும் மௌனம் இருக்கும். காணொளியிலிருந்து எடுத்த பாடல் என்றால், முன்னால் ஓர் உரையாடலோ பின்னால் ஓர் அறிவிப்போ ஒட்டிக்கொண்டிருக்கும். குளிரில் நின்றுகொண்டிருக்கும் சபை அவற்றையெல்லாம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அவற்றை நீக்குவது நல்ல ஊழியமே.

ஆனால் கத்தரி பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. வேகம் குறையக்கூடாது என்று முன்னிசையும் போகிறது. நேரமில்லை என்று கடைசிச் சரணமும் போகிறது. முன்னிசை எதற்காக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது சுருதியைச் சொல்கிறது, தாளத்தைச் சொல்கிறது, மூச்சை இழுத்துக்கொள்ள அவகாசம் தருகிறது. பாட்டுப்புத்தகம் வாசிக்கத் தெரியாத நம் முதியோர், இன்ன பாடல் என்று அறிந்துகொள்வது அந்த இசையைக் கேட்டுத்தான். அதை வெட்டிவிட்டால், அவர்கள் பாடலை அடையாளம் கண்டு வாய்திறப்பதற்குள் பல்லவி பாதி கடந்துவிடுகிறது. பாடவேண்டியவர்கள் வெறுமனே கேட்பவர்களாகிவிடுகிறார்கள். நாம் வெட்டியது பத்து விநாடிதான். அதனோடு போனது ஒரு தலைமுறையின் குரல்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. டிஜே கலையை வளர்த்தவர்களே தொடக்கத்தையும் முடிவையும் விலையேறப்பெற்றவையாக எண்ணினார்கள். 1970களில் நியூயார்க்கில் நடன அரங்குகளுக்கென்று 12 அங்குல இசைத்தட்டுகள் வந்தபோது, பாடல்கள் சுருக்கப்படவில்லை, நீட்டப்பட்டன. இவ்வகைப் பதிவுகள் பலவற்றில் முன்னும் பின்னும் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதிகள் இருக்கும். முடிகிற பாடல் வருகிற பாடலின் கையில் தாளத்தை ஒப்படைக்கும் இடம் அதுவே. மிக்ஸ் என்னும் இலவச டிஜே மென்பொருளும், 2021இல் வந்த 2.3ஆம் பதிப்பு முதல், முன்னிசை எங்கே தொடங்குகிறது, முடிவிசை எங்கே ஓய்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பாடல் கோப்பு வெட்டப்படுவதில்லை. குறி மட்டுமே இடப்படுகிறது. தேவையானால் அந்தக் குறியை நாளை மாற்றலாம். வெட்டி, மூலத்தின்மேலேயே சேமித்துவிட்டால் போனது திரும்பாது.

நம் ஆண்டவர் சிலுவையில் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை. அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகிறவனுக்குக் கைவிடப்பட்டவனின் கதறல் மட்டுமே கேட்கும். 31 வசனங்களையும் கடந்து செல்லுங்கள். அந்தக் கதறல் சபை நடுவே துதியாக மாறுகிறது. இனிப் பிறக்கப்போகிற ஜனத்துக்குக் கர்த்தருடைய நீதி அறிவிக்கப்படும் என்று முடிகிறது. முடிவை வெட்டினால், அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும் கையையே வெட்டிவிடுகிறோம்.

88ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. ஏமானின் அந்தப் புலம்பலில் கடைசிவரை ஆறுதல் வருவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருளைக் குறிப்பதே. ஆயினும் வேதம் அதை அப்படியே வைத்திருக்கிறது. கேட்பதற்கு இதமாக இல்லை என்று ஒருவரும் அதன் முனையைக் கத்தரிக்கவில்லை.

பிரியமானவர்களே, நாம் கத்தரிப்பது பாடல்களை மட்டுமா? துக்கவீட்டில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், ஒரு வசனத்தைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிடுகிறோம். முதியவர் தம் சாட்சியைப் பழைய நாட்களிலிருந்து தொடங்கினால், "விஷயத்துக்கு வாருங்கள் ஐயா" என்கிறோம். அவர்களுடைய தொடக்கமும் முடிவும் நமக்கு வெற்று மௌனமாகத் தோன்றுகின்றன.

வாலிபரே, இந்த ஆண்டு ஒன்று செய்யுங்கள். மூலப் பதிவுகளைத் தனியே காத்துக்கொள்ளுங்கள். மௌனத்தை நீக்குங்கள், முன்னிசையை விட்டுவையுங்கள். சுருக்கியே ஆகவேண்டுமானால், இடையிசையில் திரும்பத் திரும்ப வருவதைக் குறையுங்கள். கடைசிச் சரணத்தைத் தொடாதிருங்கள். பாடல் தொடங்கும்போது உங்கள் பார்வை கணினித் திரையின்மேல் அல்ல, வாசலில் நிற்கும் பாட்டியின்மேல் இருக்கட்டும். அவர் உதடு அசையத் தொடங்கினால், நீங்கள் சரியான இடத்தில் குறியிட்டிருக்கிறீர்கள்.

ஜெபம்: ஆண்டவரே, பிறர் சொல்வதை முடிவுவரை கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் முதியோரின் பாடலை எங்கள் பிள்ளைகளின் கையில் குறைவின்றி ஒப்படைக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.