மெய்யளவை

சென்னை மாநகரின் மேற்குப் பகுதியில் பாடி என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற திருவலிதாயம் இவ்வூரே ஆகும். இதற்கு அண்மையில் உள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே பொறிகளின் உறுப்புகளைச் செய்யும் ஆலைகளோடு, ஆடை தைத்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஆலைகளும் உள்ளன. அவற்றில் தையற்பொறி இயக்கும் பெண்கள், தாம் தைக்கும் சட்டையை அணியப்போகும் மனிதரைக் கண்டறியார். ஆயினும் அச்சட்டை அவருக்குப் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. அஃது எவ்வாறு? மேலைநாடுகள் பல தம் மக்களின் உடலளவுகளை முன்னரே எடுத்து வைத்துள்ளன. அமெரிக்காவில் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களிடம் தனித்தனியே 59 அளவுகள் எடுக்கப்பட்டன.

அத்தொழிலாளிப் பெண் தீபாவளிக்குத் தனக்கென ஓர் ஆயத்த ஆடை வாங்கும்போது நிகழ்வது வேறு. தோள் பொருந்தினால் இடுப்பு தளர்கிறது. இடுப்பு பொருந்தினால் தோள் இறுக்குகிறது. வாங்கிய ஆடையைத் தெருமுனைத் தையற்காரரிடம் பிடித்துத் தைக்கக் கொடுக்க வேண்டியுள்ளது. தம் உடல்வாகே சரியில்லை என்று நொந்துகொள்வாரும் உளர். குறை உடலில் இல்லை. உடலை அளந்தறியாமல் வகுத்த அளவில் உள்ளது.

இவ்வுண்மையை அமெரிக்க விமானப் படையினர் 1950-களில் உணர்ந்தனர். விமானியின் இருக்கை அறையைச் சராசரி மனிதனுக்கேற்ப அமைப்பது அந்நாள் வழக்கம். 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்தபோது, முதன்மையான பத்து அளவுகளிலும் சராசரியாய் அமைந்தவர் ஒருவர்கூட இலர். அதன் பின்னர், இருப்பவருக்கேற்ப நகரும் இருக்கைகள் அமைக்கப்பெற்றன.

நாடாவால் அளப்பதற்கு நெடுநேரம் ஆகும். அளப்பவர் கைக்கேற்ப அளவும் மாறும். இக்குறைகளைக் குறைக்க வந்ததே ஸ்கேனர் என வழங்கும் முப்பரிமாண வருடி. உடலை ஒட்டிய மெல்லாடை அணிந்து, கைகளைச் சற்றே விலக்கி, சில நொடிகள் அசையாது நின்றால் போதும். ஒருவகைக் கருவி உடலின்மீது ஒளிக்கோடுகளைப் படரவிடுகிறது. சமமான சுவரில் நேராக விழும் கோடு, உருண்ட தூணில் வளைந்தன்றோ தோன்றும்? அவ்வளைவுகளைப் பல கேமராக்கள் பதிய, கணினி ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கணக்கிட்டு உடலின் வடிவை உருவாக்குகிறது. இவ்வொளி எக்ஸ்-கதிரைப் போல உள்ளே ஊடுருவுவதன்று. மேற்பரப்பை மட்டுமே காட்டுவது.

இந்தியர்க்கென ஆடையளவுகள் வகுக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வாயிலாக இத்தகைய திட்டம் ஒன்று 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை வருடியால் அளப்பது அதன் நோக்கம்.

ஆடையோடு இதன் பயன் முடிவதில்லை. கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால் பொருத்துவதற்கு, எஞ்சிய காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்தல் பழைய முறை. எஞ்சிய காலை ஏந்தும் கூடு சிறிது அழுத்தினாலும் புண் உண்டாகும். வளரும் குழந்தைக்கோ அக்கூட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். வருடி கொண்டு அளந்தால் மாவுக்கட்டு வேண்டுவதில்லை. பழைய வடிவைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலும். வளைந்த முதுகெலும்பைத் தாங்கும் கவசத்தையும், தீப்புண் வடுவை அடக்கும் முகமூடியையும் இம்முறையில் செய்கின்றனர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. வடிவம் சேமிக்கப்பட்ட பின்னும் அது அவ்வுடலுக்குரியவரின் உடைமையே. அளவு எதற்காக, எவர் கையில், எத்துணைக் காலம் இருக்கும் என்பதை அவர் அறிதல் வேண்டும். அவருடைய இசைவும் வேண்டும். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவுக்கு முதன்மை அளிக்கிறது.

தமிழில் மெய் என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ள உடலை உள்ளவாறே அளப்பதே மெய்யளவை. அவ்வளவைக்கு ஆடை இணங்க வேண்டும்; இருக்கை இணங்க வேண்டும்; கருவி இணங்க வேண்டும். ஊராருக்கெல்லாம் ஆடை தைக்கும் கைகளுக்கு உரியவரும் தம் உடலுக்குப் பொருந்திய ஆடையை அணியும் நாளே, இக்கலை தன் பயனை நிறைவு செய்யும் நாள்.