வகுப்பறையில் ஓர் ஆணைக்குழு

சரித்திரம் என்பது நெட்டுருப் போடத்தக்க ஆண்டுகளின் கோவை என்று கருதும் மாணாக்கர் நம்மிடை மிகப் பலர். முடிவு தெரிந்த கதையையே நூல்கள் உரைத்தலின், அக்காலத்தார் முடிவறியாது தயங்கி நின்ற நிலை நம் உள்ளத்திற் படுவதில்லை. இக்குறையை நீக்க வல்லது நடிப்பு விளையாட்டு. 1824-ஆம் ஆண்டிலேயே பிரஷியப் படைத்தலைவர்கள் வரைபடத்தின்மேற் கட்டைகளை நகர்த்திப் போர் பயின்றனர். நியூயார்க் நகரத்துப் பர்னார்டு கல்லூரிப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ், 1990-களில் இத்தகைய விளையாட்டைச் சரித்திர வகுப்பிற்கு உரியதாக்கினார்.

எம் வகுப்பில் ஆடப்பெற்றது இம்மண்ணின் கதையே. 1953-இல் அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழுவில் பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் இருந்தனர். அம்மூவராக மூன்று மாணாக்கர் மேசைமுன் அமர்ந்தனர். விதிகள் இரண்டே. 1955-க்குப் பின் நிகழ்ந்தது எதனையும் சுட்டலாகாது. எவர் எக்கட்சி என்பதைத் திருவுளச்சீட்டே தீர்க்கும்.

சீட்டு எம்மை மலையாளக் கட்சியில் நிறுத்திற்று. தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாம், தென்தாலுகாக்களைச் சென்னை மாநிலத்திற்குத் தரலாகாதென வாதிடுவதா! நண்பர் நகைத்தனர், எமக்கோ உள்ளம் ஒப்பவில்லை. ஆயினும் இரண்டு நாள் நூலகத்தில் இருந்து திரட்டியபின், அக்கட்சியின் வாதம் வெறும் வீம்பன்று என்பது புலனாயிற்று. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அது பிரிந்தால் அரிசிக்கு அம்மக்கள் எங்கே போவர்? மன்னரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரமும் கல்குளம் தாலுகாவிலன்றோ உளது? (அவ்வரண்மனையை இன்றும் கேரள அரசே பேணுகின்றது.) எதிர்நின்ற விளவங்கோட்டுத் தோழியார், நேசமணி அவர்களின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில், மொழிக் கணக்கைத் தாலுகாதோறும் எடுத்துரைத்து எம்மைத் திணறடித்தார்.

1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டையும் நடிக்கலாம் என ஒருவர் மொழிந்தார். ஆசிரியர் மறுத்தார். சுடுபவர் யார், வீழ்பவர் யார் என்று சீட்டெடுத்தல் தகுமோ? அன்று விளையாட்டு நின்றது. புதுக்கடையிலிருந்து வரும் மாணாக்கர் ஒருவர், தம் பாட்டனாரிடம் கேட்டவற்றை எழுந்து நின்று கூறினார். ஒருவரும் குறிப்பெழுதவில்லை.

எம் வகுப்புக் குழுவினர் தென்தாலுகாக்களோடு தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் சென்னைக்கே அளித்தனர். மெய்க்குழுவோ, அவ்விரண்டின் பொருள்வளம் கேரளத்திற்கு வேண்டுமென்றும், தோட்டத் தமிழர் நிலையாகக் குடியிருப்பவரல்லர் என்றும் கருதி அவற்றைக் கேரளத்திற்கே விட்டது. விளையாட்டுப் பிழைத்தது என்றனர் சிலர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. முடிவு மாறுபட்ட பின்னரன்றோ, மெய்க்குழுவின் அறிக்கையை வரிவரியாகப் படிக்கும் வேட்கை எழுந்தது!

1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை மாறிற்று. நெய்யாற்று அணை கேரளத்தில் நின்றது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்தது. 2004-இல் அந்நீர் நிறுத்தப்பட, வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. வரும் ஆண்டின் விளையாட்டு அவ்வழக்கே. விளவங்கோட்டுத் தோழியார் கேரளக் கட்சியைச் சீட்டின்றியே கேட்டுப் பெற்றுள்ளார்.