கூதல் வருமுன்: ஸ்காபரோ வீட்டுக் குறிப்புகள்

செப்டம்பர் கடைசி. வெளியில் இன்னும் நல்ல வெயில். ஃபர்னஸைப் போட்டுப் பார்க்க இதுதான் நேரம். முதல் உறைபனி விழுகிற காலையில் ரொறொன்ரோ முழுக்க ஒரேயடியாகத் தெர்மோஸ்டாட்டைக் கூட்டும். அன்றைக்கு மெக்கானிக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

*

தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிட்டு பேஸ்மென்டில் போய் நின்று கேட்க வேண்டும். முதலில் சின்ன விசிறி ஒன்று இரையும். உள்ளே தேங்கிய காற்றை வெளியே தள்ளும். காற்று ஓடுகிறது என்று பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொண்டால்தான் இக்னைட்டர் செம்மஞ்சளாகப் பழுக்கும். பிறகு ஒரு 'டக்'. காஸ் வால்வு திறந்து நீலச் சுவாலை வரிசையாகப் பாயும். சுவாலை பிடித்ததை ஒரு மெல்லிய கம்பி உணர வேண்டும். அதில் படிவு ஏறியிருந்தால் சில நொடியில் காஸ் நின்றுபோகும். இவ்வளவுக்கும் பிறகுதான் பெரிய விசிறி எழும்பி வீட்டுக்குள் சூட்டை அனுப்பும்.

முதல் நாள் தூசி கருகும் மணம் வரும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாவிட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

*

போன மாரியில் வந்த மெக்கானிக் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "அண்ணை, நெருப்பில ஒரு பிழையும் இல்லை. இது மூச்சு விடேலாமக் கிடக்கு." அதற்குப் பிறகு நான் ஃபர்னஸைப் பார்க்கிற முறையே வேறு. காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, தண்ணீர் எங்கே வடிகிறது. பராமரிப்பில் பாதிக்கு மேல் இந்த மூன்று கேள்விதான்.

*

ஃபில்டர். ஒரு அங்குலத் தடிப்புள்ளதை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் விடக் கூடாது. பேஸ்மென்டில் இரண்டாவது குசினி வைத்து மீன் பொரிக்கிற வீடுகளில் அவ்வளவு நாளும் தாங்காது: எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளியாகிவிடும். காற்றுக் குறைந்தால் உள்ளே சூடு எல்லை மீறும். பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைக்கும். விசிறி மட்டும் சுற்றும். "ஹீட்டர் குளிர்காற்று விடுது" என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

விலை கூடிய, இழை நெருக்கமான ஃபில்டர்தான் நல்லது என்றில்லை. ஒரு அங்குல இடத்தில் மெர்வ் என்ற வடிகட்டல் அளவில் 13 போட்டால் சில ஃபர்னஸ்கள் திணறும். 8 முதல் 11 வரை போதும். அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

*

பாவிக்காத அறையின் காற்றுத்துளையை மூடினால் காஸ் மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஒன்றிரண்டால் பெரிய கேடில்லை. பலவற்றை மூடினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி, அடைபட்ட ஃபில்டர் செய்யும் அதே வேலையைச் செய்யும். சோபாவை அதன்மேல் இழுத்துப் போடுவதும் மூடுவதுதான்.

*

கனடாவில் 2009 கடைசி முதல் புது காஸ் ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் வேண்டும். 2019 ஜூலை முதல் 95. இவை புகையிலிருந்தே சூட்டை உறிஞ்சிவிடும். புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகிச் சின்னக் குழாயால் தரை வடிகாலுக்கு இறங்கும். அந்தக் குழாய் அடைத்தாலும் பிரஷர் சுவிட்ச் சம்மதிக்காது, நெருப்பு எரியாது. அதனால் வடிகுழாயையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

புகை ஆறிவிடுவதால் செங்கல் புகைபோக்கி தேவையில்லை. சுவரால் வெளியே வரும் பிளாஸ்டிக் குழாய் போதும். ஆனால் அது நிலத்துக்குக் கிட்ட இருக்கும். இலையுதிர் காலத்தில் சருகும் குளவிக்கூடும், ஜனவரியில் பனிக்குவியலும் அதன் வாயை மூடும். பனி அள்ளும்போது கார் பாதைக்கு முதல் அந்த இடத்தைத் துப்புரவாக்குவது நல்லது.

*

காஸ் கசிந்தால் மணக்கும். மணக்கவென்றே மருந்து கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் காவல்துறை அதிகாரி லோரி ஹாக்கின்ஸும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இதனால் இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. இந்த மரணங்களை அடுத்து ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. 2014 அக்டோபரில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. கருவியின் பின்பக்கத்தில் முடிவுத் தேதி இருக்கும். பட்டனை அமத்திச் சத்தம் கேட்டதும் திருப்திப்படாமல், கழற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

*

"உங்கட ஃபர்னஸ் பழசு, இலவசமாப் பார்த்துத் தாறம்" என்று கதவைத் தட்டுகிறவர்களுக்கு: 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் கூப்பிடாமல் வந்து வாசலில் ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவது தடை. அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். பகலில் கதவு திறக்கிறவர் அவர்தான்.

*

பேஸ்மென்டில் குடியிருப்போர் பற்றி. தெர்மோஸ்டாட் மேல் வீட்டு ஹோலில் இருக்கும். அங்கே சமையல், வெயில், ஆள் நடமாட்டம். சீக்கிரம் சூடாகி ஃபர்னஸை நிறுத்திவிடும். சூட்டுக்காற்றும் மேலே ஏறும் சாதி. கீழே இருப்பவர்கள் போர்வைக்குள். குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்பது ரொறொன்ரோ நகரின் விதி. மேலே எவ்வளவு காட்டுகிறது என்பது கணக்கில்லை. பத்து டொலருக்குள் ஒரு தெர்மோமீட்டர் வாங்கிக் கீழ் அறையில் மாட்டினால் போதும். வீட்டுக்காரர் தானே வாங்கி மாட்டினால் இன்னும் மரியாதை.